நாய் ஓயாமல் காதைச் சொறிகிறதா?

எப்போதாவது சொறிவது இயல்புதான். அடிக்கடி தலையை உதறினால், காதைத் தரையில் தேய்த்தால், தொட்டதும் முனகினால் மடலைத் தூக்கிப் பாருங்கள். நல்ல காதின் உட்புறம் வெளிர் இளஞ்சிவப்பாக, நாற்றமின்றி இருக்கும். புளித்த நெடியும் பழுப்பு அழுக்கும் இருந்தால் பெரும்பாலும் ஈஸ்ட் தொற்று. காபித்தூளை உதிர்த்தது போலக் கறுப்பாக இருந்தால் காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். அது பூனைக்கும் தொற்றும்.

நாயின் காதுக் குழாய் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது. பட்ஸ் விட்டுக் குடைந்தால் அழுக்கு அந்த வளைவில் போய் அடையும். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம். நாய்க்கு வேண்டவே வேண்டாம். போன தடவை மிஞ்சிய சொட்டு மருந்தும் கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். மருத்துவர் உள்ளே பார்த்துச் சொல்லட்டும்.

லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் போன்ற தொங்கு காது நாய்களுக்குக் குளித்ததும், மழையில் நனைந்ததும் விரல் எட்டும் வரை பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். மடல் மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தலை ஒரு பக்கம் சாய்வது, நடை தள்ளாடுவது, சீழ் வடிவது, மடல் திடீரென உப்புவது (உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்) ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். குணமாகிக் குணமாகித் திரும்ப வருகிறதென்றால் ஒவ்வாமை இருக்கிறதா என்றும் கேளுங்கள். தீனிகூடக் காரணமாக இருக்கலாம்.