கணனியில் நேரத்தை மிச்சப்படுத்தும் குறுக்கு விசைகள்



கணனி இல்லாமல் நடக்கும் காரியங்கள் இன்று குறைந்துகொண்டே வருகின்றன. பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பது இணையத்தில்தான். வேலைக்கு ஒரு சுயவிபரக்கோவை, ஊழியர் சேமலாப நிதி சம்பந்தமாக ஒரு கடிதம், பிரதேச செயலகத்துக்கு ஒரு கோரிக்கை என்றாலும் டைப் செய்து கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. இதற்காக ஒருநாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய், கடையில் காத்து நிற்பவர்களை நாம் அன்றாடம் காண்கிறோம்.

போகிற செலவு ஒரு பக்கம். பிழை வந்தால் படும் பாடு இன்னொரு பக்கம். பிறப்புச் சான்றிதழில் 'லெட்சுமி', அடையாள அட்டையில் 'லட்சுமி', சேமலாப நிதிப் பதிவில் 'இலட்சுமி' என்று இருந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். காலமெல்லாம் மலையில் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே ஒரு எழுத்தினால் தடைப்பட்டு நிற்கும். சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம் என்று மறுபடியும் அலைச்சல்தான்.

ஆகவே நமது காரியத்தை நாமே, நமது கையாலேயே, பிழையில்லாமல் செய்யப் பழக வேண்டும். அதற்கு உதவும் சில குறுக்கு விசைகளை இந்தப் பாடத்தில் பார்ப்போம். "அதெல்லாம் படிச்ச பிள்ளைங்களுக்குத்தாங்க ஐயா, எங்களுக்கு வராது" என்று சில அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கொழுந்து பறிக்கிற கை விரலைப் பார்த்துப் பார்த்தா பறிக்கிறது? கை பறித்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த செடிக்குப் போய்விடுகிறதே! பழகின விரலுக்குத் தானாக வரும். இதுவும் அப்படித்தான்.

குறுக்கு விசை என்றால் என்ன?

தார் ரோட்டால் சுற்றிப் போகாமல் மலைக்குள்ளால் குறுக்குப் பாதையில் இறங்கினால் சீக்கிரம் லயத்துக்கு வந்துவிடலாம். அதுபோல, மவுஸைப் பிடித்து, மேலே உள்ள பட்டியலைத் திறந்து, சொல்லைத் தேடி அழுத்துகிற வேலையை இரண்டு விசைகளை அழுத்தி முடிப்பதுதான் குறுக்கு விசை.

விசைப்பலகையின் கீழ் வரிசையில் இடது ஓரத்தில் கன்ட்ரோல் விசை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஜன்னல் படம் போட்ட விண்டோஸ் விசையும், ஆல்ட் விசையும் இருக்கும். கன்ட்ரோலுக்கு மேலே ஷிஃப்ட். இவற்றைத் தனியாகத் தட்டுவதில்லை. ஒன்றை அழுத்திப் பிடித்தபடியே மற்ற எழுத்தை ஒரு தரம் தட்டிவிட்டு இரண்டையும் விட வேண்டும். இங்கே சொல்பவை விண்டோஸ் கணனிகளுக்கு உரியவை.

பிரதி செய்தலும் ஒட்டுதலும்

கன்ட்ரோலுடன் சீ: தெரிவு செய்ததைப் பிரதி எடுக்கும்.
கன்ட்ரோலுடன் எக்ஸ்: இருந்த இடத்திலிருந்து வெட்டி எடுக்கும்.
கன்ட்ரோலுடன் வீ: எடுத்ததைக் கொண்டுபோய் ஒட்டும்.
கன்ட்ரோலுடன் ஏ: பக்கத்தில் உள்ள அனைத்தையும் தெரிவு செய்யும்.

வெட்டி ஒட்டும் இந்த முறையை 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் லாரி டெஸ்லர் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கினார்கள். கணனி என்பது எவருக்கும் இலகுவாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அவர் 2020இல் காலமானார். அவர்கள் செய்த வேலை இன்றைக்கு உலகம் முழுவதும் பயன்படுகிறது.

நமக்கு இதில் பெரிய நன்மை உண்டு. 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டையில் 12 இலக்கங்கள் இருக்கின்றன. ஒரு விண்ணப்பத்தில் அதை மூன்று இடத்தில் கேட்டால் மூன்று தரமும் டைப் செய்யாதீர்கள். முதல் தரம் மெதுவாக டைப் செய்து, அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரி பாருங்கள். பிறகு அதையே பிரதி எடுத்து மற்ற இடங்களில் ஒட்டுங்கள். பெயரையும் அப்படியே செய்யுங்கள். சரி பார்த்தது ஒன்று என்றால் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துத்தான் வரும். சரி பார்க்காமல் ஒட்டினால் பிழையும் மூன்று இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அதை மறக்க வேண்டாம்.

திரும்பிப் போகவும், காப்பாற்றி வைக்கவும்

"ஐயோ, எழுதினது அம்புட்டும் போயிருச்சே!" என்ற சத்தம் கணனி அறையில் அடிக்கடி கேட்கும். பயப்பட வேண்டாம். கையை எடுத்துவிட்டு, கன்ட்ரோலுடன் இஸட் தட்டுங்கள். கடைசியாகச் செய்தது இல்லாமல் போய், முன்பு இருந்தது திரும்பி வரும். மறுபடி தட்டினால் அதற்கும் முந்தியதற்குப் போகும். அளவுக்கு மிஞ்சிப் பின்னால் போய்விட்டால் கன்ட்ரோலுடன் வை.

அடுத்தது கன்ட்ரோலுடன் எஸ். எழுதியதைச் சேமித்து வைக்கும் விசை இது. 2022இல் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நிறுத்தப்பட்ட காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போதும் ஒரு பெருமழையும் காற்றும் வந்து மரம் விழுந்தால் தோட்டத்தில் கரண்ட் நின்றுவிடும். ஆகையால் ஒரு பந்தி முடிந்ததும் கன்ட்ரோலுடன் எஸ் என்பதைக் கைப்பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. இணையத்தில் நிரப்பும் படிவத்தை இந்த விசை காப்பாற்றாது. நீண்ட விபரம் எழுத வேண்டி இருந்தால் முதலில் வேர்டில் எழுதிச் சேமித்துவிட்டு, பிறகு பிரதி எடுத்துப் படிவத்தில் ஒட்டுங்கள். கரண்ட் போனாலும் எழுதினது மிஞ்சும்.

பழைய கடிதம் ஒன்றைத் திறந்து அதை மாற்றிப் புதுக் கடிதம் எழுதுவதும் உண்டு. அப்போது வேர்டில் முதல் வேலையாக எஃப் 12 விசையைத் தட்டி வேறு பெயரில் சேமியுங்கள். இல்லாவிட்டால் பழையது அழிந்து அதன் இடத்தில் புதியது வந்துவிடும்.

படிவம் நிரப்பும்போது

ஒரு கட்டம் முடிந்ததும் மவுஸைத் தேட வேண்டியதில்லை. டெப் விசையைத் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். ஷிஃப்ட்டுடன் டெப் என்றால் முந்திய கட்டத்துக்கு வரும். சரி அடையாளம் இட வேண்டிய சிறு பெட்டிக்கு வந்தால் இடைவெளி விசையைத் தட்டினால் போதும். என்டரை மட்டும் கண்டபடி தட்ட வேண்டாம். பல படிவங்களில் என்டர் தட்டியவுடன் பாதி நிரப்பிய விண்ணப்பமே போய்ச் சேர்ந்துவிடும்.

நீண்ட பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க, கன்ட்ரோலுடன் எஃப் தட்டுங்கள். வருகிற சிறு பெட்டியில் பெயரை எழுதினால் அந்த இடத்தைக் காட்டும். எழுத்து வேறுபாடு இருந்தால் காட்டாது. அதனால் பட்டியலில் அடையாள அட்டை இலக்கம் இருந்தால் இலக்கத்தைக் கொண்டு தேடுவதே நல்லது. ஸ்கேன் செய்து படமாகப் போட்ட பட்டியலாக இருந்தால் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பிரின்ட் எடுக்க கன்ட்ரோலுடன் பீ. திரையில் எத்தனை பக்கம் என்று காட்டும். தேவையான பக்கத்தை மட்டும் எடுத்தால் தாளும் மிச்சம், காசும் மிச்சம்.

தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி எழுத வேண்டி இருந்தால் விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையைத் தட்டுங்கள். கணனியில் தமிழ் விசைப்பலகை சேர்க்கப்பட்டிருந்தால் மொழி மாறும். மூலையில் எந்த மொழி என்று காட்டுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மவுஸின் வித்தைகள்

முதலாவது மவுஸ் 1964இல் மரக்கட்டையில் செய்யப்பட்டது. அதை டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1968இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அந்த மவுஸில் இன்றைக்கு நாம் செய்யக்கூடியவை சில:

ஒரு சொல்லின் மேல் இரண்டு தரம் விரைவாகத் தட்டினால் அந்தச் சொல் முழுவதும் தெரிவாகும். வேர்டில் மூன்று தரம் தட்டினால் பந்தி முழுவதும் தெரிவாகும்.

நீண்ட பகுதியைத் தெரிவு செய்ய, ஆரம்பத்தில் ஒரு தரம் தட்டுங்கள். முடிவிடத்துக்குப் போய் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ஒரு தரம் தட்டுங்கள். இடையில் உள்ள எல்லாம் தெரிவாகிவிடும். இழுத்துக்கொண்டே போய்க் கை நழுவும் தொல்லை இல்லை.

கன்ட்ரோலைப் பிடித்தபடி மவுஸின் சில்லை முன்னால் உருட்டினால் எழுத்துப் பெரிதாகும். கண் மங்கிய பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று திரும்பிப் போக வேண்டியதில்லை.

கை இயலாதவர்களுக்கு

கவ்வாத்துக் கத்தி பட்டோ வேறு விபத்திலோ ஒரு கை இயலாமல் போனவர்கள் நம்மிடையே உண்டு. "ரெண்டு பட்டனை ஒண்ணா எப்படிங்க அமுக்குறது?" என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஷிஃப்ட் விசையை ஐந்து தரம் தொடர்ந்து தட்டினால் கணனி ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்று கொடுத்தால், அதன் பிறகு கன்ட்ரோலை ஒரு தரம் தட்டி விட்டுவிட்டு, பிறகு எழுத்தைத் தட்டலாம். ஒரு விரலாலேயே எல்லாக் குறுக்கு விசைகளும் வேலை செய்யும். வேலை முடிந்ததும் மறுபடி ஐந்து தரம் தட்டி நிறுத்திவிடுங்கள், அடுத்து வருபவர் குழம்பக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

பலர் பாவிக்கும் கணனியில் உங்கள் விபரங்களைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். ஐந்து நிமிடம் என்றாலும், கடவுச்சொல் உள்ள கணனியானால் விண்டோஸ் விசையுடன் எல் தட்டிப் பூட்டிவிட்டுப் போங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கணக்கிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம்.

கடைசியாகப் பிரதி எடுத்தது கணனியின் நினைவில் இருந்துகொண்டே இருக்கும். எழும்புவதற்கு முன் சாதாரண சொல் ஒன்றைப் பிரதி எடுத்துவிட்டால், முன்பிருந்த அடையாள அட்டை இலக்கம் போய்விடும்.

ஷிஃப்ட்டுடன் டிலீட் தட்டி அழித்த கோப்பு குப்பைக் கூடைக்குப் போகாது, நேராக இல்லாமல் போய்விடும். படிவம் நிரப்பும்போது எஃப் 5ஐத் தட்டினால் பக்கம் புதிதாகி, நிரப்பியது அழிந்துவிடக் கூடும். இவை இரண்டையும் பிள்ளைகள் விளையாட்டுக்கும் தட்டக் கூடாது.

கணனி அசையாமல் நின்றுவிட்டால் உடனே வயரைப் பிடுங்காதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருகிற திரையில், நின்றுபோன வேலையை மட்டும் மூடுவதற்கு வழி இருக்கும்.

பயிற்சி

எல்லாவற்றையும் ஒரே நாளில் பாடமாக்க வேண்டாம்.

முதலாம் வாரம்: சீ, வீ. உங்கள் பெயரையும் விலாசத்தையும் ஒரு தரம் எழுதி, ஐந்து இடத்தில் ஒட்டிப் பாருங்கள்.

இரண்டாம் வாரம்: இஸட், எஸ். ஒரு பந்தியை வேண்டுமென்றே அழித்து, திரும்ப எடுத்து, சேமியுங்கள்.

மூன்றாம் வாரம்: டெப், எஃப். மவுஸைத் தொடாமல் ஒரு மாதிரிப் படிவத்தை நிரப்புங்கள்.

நான்காம் வாரம்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம் மூன்றையும் எடுத்து வாருங்கள். அவற்றில் உள்ளபடியே உங்கள் பெயரை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்து பாருங்கள். எழுத்து வித்தியாசம் இருந்தால் அப்போதே கண்ணில் படும். பென்சன் எடுக்கும் காலம் வரை காத்திராமல், கை கால் சுகமாக இருக்கும்போதே திருத்துவதற்கான வேலையைத் தொடங்கலாம். அதற்கான கடிதத்தையும் நீங்களே டைப் செய்யலாம்.

பிள்ளைகளே, அம்மாவோ அப்பாவோ கணனி முன்னால் உட்காரும்போது அவர்களுடைய வேலையைப் பிடுங்கி நீங்களே செய்துவிடாதீர்கள். பக்கத்தில் நின்று ஒரு நாளைக்கு ஒரு விசையைச் சொல்லிக் கொடுங்கள். மெதுவாகத் தட்டினாலும் அவர்களே தட்டட்டும்.