பழைய கப்ளரை வெட்டாதீர்கள்

இன்ஜின் இன்னும் சூடேறவே இல்லை, ரேடியேட்டர் ஃபேன் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஸ்கேனரை மாட்டினால் பி0118 என்று வருகிறது. உடனே எல்லோரும் செய்வது டெம்பரேச்சர் சென்சாரை மாற்றுவது. புது சென்சார் போட்ட பிறகும் அதே கோடு வந்தால்தான் அதன் தலையில் மாட்டியிருக்கும் கப்ளர் மீது சந்தேகம் வருகிறது. சிலிண்டர் ஹெட்டை ஒட்டி வருஷக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக் அது. லாக்கை அழுத்தாமல் யாரோ பிடித்து இழுத்திருப்பார்கள், நாக்கு உடைந்திருக்கும். அதற்குமேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அனுப்பியிருப்பார்கள்.

புது கப்ளர் கேட்டுப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது “என்ன வண்டி?” என்றுதான். அந்தப் பதிலை மட்டும் நம்பி வாங்கினால் பாதி நேரம் ஏமாற்றம்தான். ஒரே பெயரில் வரும் காரிலேயே பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, இன்ஜின் மாறிய வருஷத்துக்கு வேறொன்று என்று இருக்கும். கப்ளரை அடையாளம் காட்டுவது அதன் பின்னும் வடிவமும்தான். அதனால், புதியது கைக்கு வந்து சென்சாரில் ‘டக்’கென்று உட்காரும் வரை பழையதை வெட்டாதீர்கள். உடைந்திருந்தாலும் உங்களிடம் இருக்கும் ஒரே சாம்பிள் அதுதான்.

கோளாறு கப்ளரில்தானா?

இன்ஜின் ஆறியிருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். சில கார்களில் சாவி எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். விரலைத் தள்ளியே வையுங்கள்.

கப்ளரைக் கழற்றிவிட்டு, சாவியை ஆன் செய்து, ஒயர் பக்கத்து இரண்டு துளைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். இரண்டு பின் சென்சார் என்றால் சுமார் 5 வோல்ட் காட்ட வேண்டும். இந்த வேலைக்குப் பல்பு கட்டிய டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் இன்ஜினின் கணினியான ஈ.சி.யு.வைக் கெடுத்துவிடும். கழற்றிய நிலையில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி போன்ற அபத்தமான எண்ணைக் காட்டும். இப்போது மெல்லிய ஒயர் ஒன்றால் அந்த இரண்டு துளைகளையும் இணைத்துப் பாருங்கள். வெப்பநிலை ஒரேயடியாக உச்சத்துக்கு ஏறி, பி0117 பக்கம் கோடு மாறினால், ஈ.சி.யு.விலிருந்து கப்ளர் வரைக்குமான ஒயரிங் நன்றாக இருக்கிறது. மிச்சம் சென்சாரும், அதன் பின்னைக் கவ்வும் டெர்மினலும்தான். தடித்த ஊசியைத் துளையில் திணிக்காதீர்கள். டெர்மினலின் வாய் விரிந்துவிட்டால் நல்ல கப்ளரும் கெட்டதாகிவிடும்.

டெர்மினல் லேசாகத் தளர்ந்தால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று தோன்றலாம். பல கார்களில் இருக்கும் பாஷ் வகை சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் அதன் தடை 2,500 ஓம். 80 டிகிரியில் 323 ஓம், 90 டிகிரியில் 243 ஓம். சூடாக ஆக, தடை குறையும். துருப்பிடித்த டெர்மினலில் 80 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 2,500-ல் அது தெரியவே தெரியாது. ஆனால் இன்ஜின் 90 டிகிரிக்கு வந்திருக்கும்போது ஈ.சி.யு. அதை 80 என்று நினைத்துக்கொள்ளும். ஃபேனைத் தாமதமாகப் போடும், பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றும். கோடு எதுவும் வராது. மைலேஜ் ஏன் குறைந்தது என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

எந்த சென்சார், எத்தனை பின்?

பானட்டுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்த கப்ளர்கள் நிறைய. தெர்மோஸ்டாட் அருகே கூலன்ட்டில் மூழ்கியிருப்பதுதான் நாம் தேடுவது. ஏர் ஃபில்டர் குழாயில் இருப்பது காற்றின் வெப்பத்தை அளப்பது. ரேடியேட்டர் தொட்டியிலேயே திருகியிருந்து, தடித்த ஒயர் வந்தால் அது ஃபேன் சுவிட்ச். சென்சார் ஒயர் மெலிதாகத்தான் இருக்கும். பழைய அம்பாசடர், பத்மினி போன்றவற்றில் மீட்டருக்குப் போகும் ஒற்றை ஒயர் மட்டும் உண்டு. எர்த் இன்ஜின் உடல் வழியாகவே போய்விடும். மூன்று பின் இருந்தால் பெரும்பாலும் இரண்டு ஈ.சி.யு.வுக்கு, ஒன்று மீட்டருக்கு. மேலே சொன்ன ஒயர் இணைக்கும் சோதனையை மூன்று பின்னில் செய்ய வேண்டாம்.

அளந்து பாருங்கள்

ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும். சென்சாரில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுப் பின்னின் அகலம்தான் முக்கியமான அளவு. ஜப்பானிய வழக்கில் இதை 040, 060, 090, 110 என்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு அது. மில்லிமீட்டரில் முறையே 1.0, 1.5, 2.3, 2.8. மாருதி, டொயோட்டா போன்ற வண்டிகளில் சுமிட்டோமோ, யசாகி கப்ளர்கள் வரும். அவற்றைத் தேட இந்த எண்தான் துணை. பாஷ் வழி வந்த பழைய சென்சார்களில் 2.8 மி.மீ. பின். பக்கத்தில் வளைந்த கம்பி கிளிப் இருந்தால் அது ஜூனியர் பவர் டைமர் வகை. பழைய இன்ஜெக்டர்களிலும் அதே கப்ளரைப் பார்க்கலாம். 2.3-ம் 2.8-ம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒன்று நுழையாது, இன்னொன்று நுழைந்தும் பிடிக்காது.

அடுத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை உள்ள தூரம். பிறகு கூட்டின் வாய் வட்டமா, நீள்வட்டமா, சதுரமா என்பது. கடைசியாக, உள்ளே ஓடும் சிறு மேடுகள், பள்ளங்கள். தவறான கப்ளர் தவறான இடத்தில் நுழையக் கூடாது என்பதற்காகவே அவை இருக்கின்றன. மேடு இடிக்கிறது என்று பிளேடால் சீவி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டத்தான் செய்யும், சீல் உட்காராது, மழைக்காலம் வந்தால் தெரியும்.

கூட்டின் முதுகைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பலவற்றில் எண் பொறித்திருக்கும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் இது பெரிய வசதி: 1ஜே0 973 702 என்றிருந்தால் இரண்டு பின் கப்ளர், 704 என்று முடிந்தால் நான்கு பின். அந்த எண்ணைச் சொன்னாலே போதும், காரின் பெயர் தேவையில்லை.

வாங்கும்போது

ஆன்லைனில் ‘மேல்’, ‘ஃபீமேல்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். சிலர் கூட்டைப் பார்த்துச் சொல்வார்கள், சிலர் டெர்மினலைப் பார்த்து. உங்களுக்கு வேண்டியது ஒயர் பக்கத்துக் கப்ளர், உள்ளே துளை உள்ளது. படத்தில் வாய்ப்பக்கம் தெரியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

சென்னையில் புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. கழித்துப்போட்ட வண்டியிலிருந்து எடுப்பதாக இருந்தால், ஒரு சாண் ஒயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பொடிந்தால் வேண்டாம். புதிதாக வாங்கினால் கூடு, டெர்மினல், ஒவ்வொரு ஒயருக்கும் ரப்பர் சீல், வாய்ச் சீல் நான்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெர்மினல் முலாம் சென்சார் பின்னோடு ஒத்துப்போவது நல்லது: தகரத்துக்குத் தகரம், தங்கத்துக்குத் தங்கம். ஒயரோடு சேர்த்து விற்கும் ரெடிமேட் கப்ளர் வசதியானது. ஆனால் அதன் ஒயர் நிறம் உங்கள் வண்டி நிறத்தோடு பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். துளையின் இடத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும். இரண்டு பின் சென்சாரில் இடம் மாறினாலும் பாதகமில்லை, அதற்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. மூன்று பின்னில் மாறவே கூடாது.

மாட்டும்போது

பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். கூடு மட்டும் உடைந்து டெர்மினல் நன்றாக இருந்தால் ஒயரை வெட்டவே தேவையில்லை: டெர்மினல்களைப் பிடித்திருக்கும் இரண்டாம் லாக்கை எடுத்துவிட்டு, மெல்லிய ஊசியால் டெர்மினலின் முள்ளை அமுக்கினால் பின்பக்கமாக வந்துவிடும், அப்படியே புதுக் கூட்டில் ஏற்றலாம். என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு ஒயரையும் ஒரே நீளத்தில் வெட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளித் தள்ளி வெட்டுங்கள். இணைப்புகள் அக்கம்பக்கம் உரசாது. ரப்பர் சீலையும் ஸ்லீவையும் முதலில் ஒயரில் கோத்துவிட்டு, அப்புறம் கிரிம்ப் செய்யுங்கள். மறந்தால் செய்ததை வெட்டி எறிய வேண்டியதுதான். ஈயம் வைப்பதைவிட நல்ல கிரிம்ப் மேல். ஈயம் ஏறிய ஒயர் விறைத்துப்போய், அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடியும். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். இன்ஜின் சூட்டில் டேப் இளகி வழுகிவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் ஒயர் சாயாதபடி கட்டிவிடுங்கள்.

பேட்டரி மைனஸைத் திரும்ப மாட்டி, ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு, வண்டியை இரவு முழுக்க நிற்க விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் எண் துள்ளாமல் சீராக ஏறி, பெரும்பாலான வண்டிகளில் 90-ஐ ஒட்டி நிற்கும். அப்போது கப்ளரின் அருகே ஒயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். எண் ஒரு டிகிரிகூடத் தாவக் கூடாது. தாவினால், கிரிம்ப்பைத் திரும்பச் செய்யுங்கள்.