நூறு வயதின் கணக்கு

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தொண்டரடிப்பொடியாழ்வார் அருளிச்செய்த திருமாலை 45 பாசுரங்கள் கொண்டது. அதில் மூன்றாம் பாசுரம், வங்கியில் கணக்கெழுதியே காலம் கழித்த அடியேனைப் போன்றவர்களுக்கென்றே அமைந்தது போலும்.

வேதம் மனிதனுக்கு விதித்த வயது நூறு. அதை வரவாக வைத்துக்கொண்டு ஆழ்வார் செலவெழுதத் தொடங்குகிறார். பாதி உறக்கத்தில் ஒழிகிறது, நின்றது 50. அறியாப் பருவமும் விளையாட்டுப் பருவமும் அதில் தம் பங்கைக் கொண்டுபோகின்றன. எஞ்சியதைப் பிணியும் பசியும் மூப்பும் பற்றிக்கொள்கின்றன. ஆதலால் அரங்கமாநகருளானை நோக்கி, இனிப் பிறவியே வேண்டேன் என்று தலைக்கட்டுகிறார்.

இங்கு ஒரு ஐயம் எழலாம். வாழ்நாள் இத்தனை அற்பமென்றால், உடனிருப்பாரிடத்தில் அன்பு வைப்பதும் வீண்தானே? அப்படியன்று. இதற்கு முந்தைய பாசுரத்தில், எம்பெருமானின் திருநாமங்களைச் சொல்லும் சுவையை விட்டு இந்திரலோகம் ஆளக் கிடைத்தாலும் வேண்டேன் என்றவரும் இவரே. ஆகவே ஆழ்வார் வெறுத்தது பகவதநுபவமின்றிக் கழியும் காலத்தையே. அவ்வநுபவத்தோடு கூடிய காலத்தையன்று.

அந்த அநுபவமும் தனித்து நிறைவு பெறுவதன்று. விப்ரநாராயணர் என்ற பெயரை விட்டு, அடியார்களின் திருவடித்தூளியாகத் தம்மைச் சொல்லிக்கொண்டவரன்றோ இவர்! அடியார்கள் எக்குலத்தவராயினும் அவர்களைத் தொழவும், அவர்களுக்குக் கொடுக்கவும், அவர்களிடமிருந்து கொள்ளவும் எம்பெருமான் நியமித்ததை 42-ஆம் பாசுரத்தில் எடுத்துரைக்கிறார். கொடுப்பதும் கொள்வதும் ஞானத்தை என்பது பெரியோர் நிர்வாஹம். கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே காலத்தில் ஓரிடத்தில் இருந்தாலன்றோ அது நடக்கும்? காலம் அற்பம் என்பதனாலேயே அடியார் கூட்டுறவின் அருமை மிகுகிறது.

இதை அடியேன் காலங்கடந்தே உணர்ந்தேன். எங்கள் தெருவில் வயது முதிர்ந்த ஸ்வாமி ஒருவர் எழுந்தருளியிருந்தார். பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானத்தைக் கொண்டு திருமாலையைச் சொல்லித் தருவதாக அவரே முன்வந்து ஸாதித்தார். ‘மார்ச் கணக்கு முடியட்டும்’ என்றேன். பின்பு, ‘தணிக்கை முடியட்டும்’ என்றேன். கடைசியில், ‘பணி ஓய்வு பெற்றதும் தினமும் வருகிறேன்’ என்றேன். ‘ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாவது வாருமே’ என்பார் அவர். அடியேன் ஓய்வு பெற இரண்டு மாதங்கள் இருக்கும்போது அவர் ஆசார்யன் திருவடி அடைந்தார். அவருடைய குமாரர் அந்த வியாக்கியானப் புத்தகத்தை அடியேனிடம் கொடுத்தார். ஓரங்களில் பென்சிலால் சிறு குறிப்புகள். அவற்றில் பல இன்றுவரை அடியேனுக்கு விளங்கவில்லை. கேட்டறிய அவர் இல்லை.

பின்னொரு நாள் கணக்கிட்டுப் பார்த்தேன். வாரம் ஒரு மணி வீதம் ஆண்டுக்கு 52 மணி. இரண்டு நாள்களுக்குச் சற்றே கூடுதல். பத்தாண்டுகள் தவறாமல் சென்றிருந்தாலும் 22 நாள்கள்கூட நிறைந்திரா. அதைக்கூட ஒதுக்காமல், வேறு யாருடைய கணக்குகளையோ நேர்செய்துகொண்டிருந்தேன்.

இல்லத்தாரிடத்திலும் இதே முறைதான். மனைவி மக்களை நம் உடைமையாக எண்ணினால் அது பற்று. எம்பெருமானுடைய உடைமையாக, சில காலம் நம்முடன் இருக்க அவன் அருளியவர்களாக எண்ணினால் அவர்களோடு கழியும் பொழுதும் கைங்கர்யமாகும். இரவு உணவுக்குப் பின் அவர்களுடன் அமர்ந்து ஒரு பாசுரம் சேவிக்கப் பத்து நிமிடம் போதும்.

இப்போது ஞாயிறுதோறும் அடியேன் குடிலில் நான்கைந்து பேர் கூடித் திருமாலையை அநுஸந்திக்கிறோம். அந்தப் புத்தகமே நடுவில் இருக்கிறது. விளங்காத குறிப்பு வரும்போது சற்று நிறுத்தி, ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறோம். இதை வாசிக்கும் பாகவதர்கள், தாம் கேட்க எண்ணியிருக்கும் பெரியவர் எவரேனும் இருப்பின், இந்த வாரமே சென்று ஸேவிக்குமாறு பிரார்த்திக்கிறேன்.

தொண்டரடிப்பொடியாழ்வார் திருவடிகளே சரணம்.
அடியேன் ராமாநுஜ தாஸன்