உகிரும் முதுமையும்

நெருங்கிய உறவினரை 'நகமும் சதையும் போல' என்பது தமிழர் வழக்கு. பழந்தமிழ் நகத்தை உகிர் என்னும். அவ்வுகிர் முதுமையில் தடித்தும், மஞ்சளித்தும், வளைந்தும் போவது ஏன் என்பதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

நகம் கெரற்றின் என்னும் வன்மையான புரதத்தாலாயது. தோல் மடிப்பினுள் மறைந்துள்ள நகவேரிலே புதிய கலங்கள் தோன்றித் தட்டையாகி, இறந்து இறுகி, முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. யாம் காணும் நகம் உயிரற்றது. ஆதலின் வெட்டுங்கால் நோவதில்லை. கைந்நகம் திங்களுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். கால்நகம் அதிற் பாதியளவே வளரும். காற்பெருவிரல் நகம் முற்றும் புதிதாவதற்கு 12 முதல் 18 மாதங்கள் செல்லும்.

வயது ஏற இவ்வளர்ச்சி மேலும் தளரும். வில்லியம் பீன் என்னும் அமெரிக்க வைத்தியர் தம் கைப்பெருவிரல் நகத்தின் வளர்ச்சியை 35 ஆண்டுகள் அளந்து 1980இல் வெளியிட்டார். அவரது 32ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்த நகம், 67ஆம் வயதில் 0.095 மில்லிமீற்றரே வளர்ந்தது. வளர்ச்சி தளரவே நகக்கலங்கள் அடுக்கடுக்காகத் திரண்டு நகம் தடிக்கின்றது. பாதத்திற் குருதியோட்டம் குறைதலும், இறுகிய சப்பாத்தின் நெருக்கும், கல்லில் இடறிய பழங்காயங்களும் இதற்குத் துணையாகும். ஈரத்தில் உழலும் காலிற் பங்கசும் பற்றும். எனினும் தடித்த நகமெல்லாம் பங்கசு பற்றியது அன்று. நகத்துண்டைச் சோதித்தே அதனைத் துணிதல் வேண்டும்.

நிற்க. என் அன்னையார் கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். தீபாவளிதோறும் அவர் பாதந்தொட்டு வணங்கிய யான், அப்பாதத்தை ஒருநாளும் உற்று நோக்கினேனல்லேன். பெருவிரல் நகம் ஆட்டுக்கடாவின் கொம்பென வளைந்து அயல்விரலைப் புண்ணாக்கியிருந்ததைப் பாயிலே குருதிக்கறை கண்ட பின்னரே அறிந்தேன். நீரிழிவினாற் கால் உணர்விழந்திருந்தமையின் அவருக்கு நோவு தெரிந்திலது. அப்புண் ஆற மூன்று திங்கள் சென்றன. நீரிழிவுடையார்க்கு இத்தகைய சிறு புண்ணே காலை இழக்கச் செய்தலும் உண்டு என வைத்தியர் கூறியபோது என் நெஞ்சம் நடுங்கிற்று.

ஆதலின் அன்பர்காள், குளித்தபின் நகத்தை நேராக வெட்டுக, மூலைகளைத் தோண்டற்க. விரலிடுக்கின் ஈரத்தைத் துடைக்க. நீரிழிவுடையார் தடித்த நகத்தைக் கத்தியாற் செதுக்காது வைத்தியரிடம் காட்டுக. நகத்தின்கீழ்ப் புதிதாய்க் கருங்கோடு தோன்றினும் தாழ்த்தாது காட்டுக. கண்டியிலும் பேராதனையிலும் அரசாங்க வைத்தியசாலைகள் உள. செல்லுதற்கு நாணம் வேண்டா.

முதியோர் பாதம் பணிதல் நம் மரபு. பணிந்த தலையை நிமிர்த்துமுன் அப்பாதத்தை ஒருகணம் நோக்குதலும் அம்மரபின்பாற்பட்டதே எனக் கொள்வோமாக.