வெயிலில் கிடக்கும் மரத்துக்கு எதைப் பூசுவது?

நெய்க்காரப்பட்டிப் பக்கம் தோப்பு வீட்டு வாசலுக்கு மரத்தளம் போடும் வேலை கிடைத்தால், தம்பிகளா, ஆணி அடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. பூச்சு சரியில்லை என்றால் நல்ல தேக்கும் வீணாகப் போகும்.

1. மரம் காயட்டும். ஈரமரத்தின் மேல் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும்போது பூச்சையும் தூக்கிக்கொண்டு வரும். காய்ந்த பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே எண்ணெய் ஏறும்.

2. பிரெஞ்சு பாலிஷ் வெளியில் வேண்டாம். அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும்.

3. வார்னிஷா, எண்ணெயா? இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வார்னிஷ் மரத்தின் மேல் தோல் மாதிரி படியும். முதல் வருடம் பளபளக்கும். வெயிலில் மரம் விரிந்து சுருங்கும்போது அந்தத் தோல் வெடிக்கும், வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கி அடியில் கறுக்கும். பிறகு மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். எண்ணெய் மரத்துக்குள் இறங்குவதால் உரியாது. மங்கினால் கழுவிக் காயவைத்து மேலேயே இன்னொரு கோட் கொடுக்கலாம். கால் மிதிபடும் தளத்துக்கு நான் எண்ணெய்தான் சொல்வேன். அதிலும் கொஞ்சம் நிறம் கலந்ததை வாங்குங்கள். நிறமில்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது, மரம் சாம்பல் பூத்துவிடும்.

4. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வெறும் லின்சீட் ஆயில் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். அங்கே பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்ந்த வெளிப்புற எண்ணெய் வாங்குங்கள்.

5. பலகையின் வெட்டுமுகத்தை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் அதிகம் ஏறுவது அந்த வழியாகத்தான். அது குடிக்கிற வரை பூசுங்கள். மேல்பரப்பில் மட்டும் கால் மணி நேரம் கழித்து, ஊறாமல் நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்துவிடுங்கள், விட்டால் பிசுபிசுக்கும்.

6. லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பி, குவியல் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள்.

7. ஆடியில் பூச வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப்பூச்சில் ஒட்டிவிடும்.

8. அடிச்சட்டத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் நல்லது, கரையான் அண்டாது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும். உறை போடாமல் தொடாதீர்கள். மேல்தளத்தில் பூசவே கூடாது, குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கும் இடம்.

9. கூலி பேசும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், எண்ணெய் ஒரு கோட் கொடுக்க வேண்டும்.