பேரன் இருக்கும் வீட்டில் கஞ்சா மிட்டாய்

கேள்வி: மகன் கஞ்சா கலந்த கம்மி மிட்டாயை வீட்டிலேயே செய்கிறான். சட்டம் அனுமதிக்கிறது என்கிறான். ஐந்து வயதுப் பேரனை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: மகன் சொல்வது உண்மைதான். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் அது சட்டப்படி சரி. ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் அம்மா, உங்கள் பயமும் நியாயமானதே.

கடையில் விற்கும் ஒரு பாக்கெட் முழுவதிலும் போதை தரும் பொருளான டி.ஹெச்.சி. 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. குழந்தை திறக்க முடியாத உறை, பளிச்சென்று ஈர்க்காத அட்டை, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. வீட்டுச் சமையலறையில் இதில் எதுவுமே இல்லை. கஞ்சா ஊறிய எண்ணெய் ஜெலட்டின் பாகோடு எளிதில் சேராது, பிரிந்து மேலே மிதக்கும். அச்சில் ஊற்றும்போது ஒரு துண்டில் ஒன்றுமே இருக்காது, பக்கத்துத் துண்டில் பல மடங்கு இறங்கியிருக்கும். தின்றதும் தெரியாது, போதை ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் பெரியவர்களே இன்னொன்றை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். குழந்தைக்கோ அது வெறும் மிட்டாய்.

மகனிடம் தயங்காமல் சொல்லுங்கள்: பேரன் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். ஏற்கெனவே இருப்பதைப் பூட்டிய பெட்டியில், பெயர் எழுதி வைக்கட்டும்; ஃபிரிட்ஜில் சாக்லேட்டோடு வேண்டாம். பேரன் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 1-844-764-7669 என்ற எண்ணில் நச்சுத் தகவல் மையத்தை அழையுங்கள். தள்ளாடினாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, மூச்சு மந்தமானாலோ உடனே 911. என்ன தின்றான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.