ஒரு செல்போன், ஐந்து பேர் ஆர்டர்: கூட்டாகப் பொருள் வாங்கும் முறை



நம் குழுக்களில் இப்போது ஒரு புதிய பழக்கம் வளர்ந்து வருகிறது. குழுவில் யாராவது ஒருவரிடம் நல்ல செல்போன் இருக்கும். அதில் பொருள் வாங்கும் செயலியும் இருக்கும். வாராந்திரக் கூட்டம் முடிந்து எழும்போது, "அக்கா, எனக்கு ஒரு குக்கர் போட்டு விடுங்க", "எம் பொண்ணுக்கு ஸ்கூல் பை ஒண்ணு பாருங்கக்கா" என்று நாலைந்து பேர் சேர்ந்து விடுகிறோம். அவரும் மறுக்க முடியாமல் எல்லாவற்றையும் தன் பெயரில் ஆர்டர் போடுகிறார்.

இது நல்ல பழக்கம்தான். சேர்ந்து வாங்கினால் அனுப்பும் செலவு குறையும். செல்போன் இல்லாத உறுப்பினரும் டவுனுக்குப் போகாமல் பொருள் வாங்கலாம். நாலு பேர் கூடிப் பார்ப்பதால் ஏமாறும் வாய்ப்பும் குறைவு.

ஆனால் முறை இல்லாமல் செய்தால், செல்போன் வைத்திருக்கும் சகோதரிதான் மாட்டிக் கொள்கிறார். பொருள் வந்த பிறகு, "கலர் பிடிக்கலக்கா, எனக்கு வேண்டாம்" என்கிறார் ஒருவர். "அடுத்த வாரம் தர்றேன்" என்கிறார் இன்னொருவர். கடைசியில் ஐநூறு ரூபாய் பாக்கிக்காக இரண்டு பேர் பேசாமல் போய், கூட்டத்துக்கு வருவதையே நிறுத்தி விடுகிறார்கள். வருடக்கணக்கில் சேர்த்த ஒற்றுமை ஒரு பார்சலில் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

பட்டியல் வேறு, கூடை வேறு

முதலில் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து கொள்வோம்.

பொருள் வாங்கும் செயலியில் 'கார்ட்' என்று ஒரு கூடை இருக்கும். பிடித்த பொருளை அதில் போட்டு வைக்கலாம். அந்தக் கூடை, செயலியில் கணக்கு வைத்திருப்பவருக்குச் சொந்தம். கூடையில் போட்டதாலேயே பொருள் நமக்கென்று எடுத்து வைக்கப்படுவதில்லை. நாம் ஆர்டரை உறுதி செய்யும் வரை விலை ஏறலாம், இறங்கலாம். பொருள் தீர்ந்தும் போகலாம். "நேத்து 450 ரூபான்னு சொன்னீங்களே, இன்னைக்கு 490-ங்கிறீங்க" என்று அக்காவிடம் கோபப்படுவதில் பயன் இல்லை. விலையை மாற்றுவது கடைக்காரர்.

பட்டியல் என்பது யாருக்கு என்ன வேண்டும் என்று நாம் எழுதி வைப்பது. நோட்டில் எழுதலாம். வாட்ஸ்அப் குழுவில் போடலாம். சில செயலிகளில் விருப்பப் பட்டியல் ஒன்று தயாரித்து, அதன் லிங்கை மற்றவர்களுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. அப்படி அனுப்பும்போது 'பார்க்க மட்டும்' என்றும், 'பார்க்கவும் சேர்க்கவும்' என்றும் இரண்டு வகை இருந்தால் 'பார்க்க மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. யாரோ கை தவறித் தொட்டதால் வேறு பொருள் சேர்ந்து விட்டது என்ற பேச்சு வராது.

எனவே பட்டியலை எல்லோரும் பார்க்கலாம். கூடையை ஒருவர் மட்டுமே கையாள வேண்டும். சில இடங்களில், "பாஸ்வேர்டைக் கொடுத்துட்டா நானே போட்டுக்கிறேன்" என்று கேட்டு, ஒரே கணக்கை இரண்டு மூன்று செல்போன்களில் திறந்து வைக்கிறார்கள். இது வேண்டாம். அந்தக் கணக்கில் வீட்டு முகவரி, போன் நம்பர், முன்பு வாங்கிய பொருட்கள், சில சமயம் வங்கி அட்டை விவரம் எல்லாமே இருக்கும். ஒருவர் தெரியாமல் அழுத்தினாலும் ஆர்டர் போய்விடும்.

பட்டியல் எழுதும் முறை

செயலியில் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் 'ஷேர்' பொத்தான் இருக்கும். அதை அழுத்தி அந்தப் பொருளின் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் லிங்கை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். அதே லிங்க் அடுத்தவர் போனில் திறக்கும்போது வேறு கலரோ வேறு அளவோ காட்டலாம். அதனால் ஒரு நோட்டில் இவற்றை எழுத வேண்டும்:

1. உறுப்பினர் பெயர்
2. பொருளின் பெயர், கம்பெனி
3. கலர், அளவு, எடை, எண்ணிக்கை
4. பார்த்த தேதி, அன்றைய விலை
5. அதிகபட்சம் எவ்வளவு விலை வரை சம்மதம்
6. திருப்பித் தர முடியுமா, எத்தனை நாளுக்குள்
7. கட்டிய பணம், உறுப்பினர் கையெழுத்து

ஐந்தாவது விவரம் முக்கியம். "500 வரைக்கும் போனா வாங்குங்க, மேல போனா விட்டுருங்க" என்று முன்பே சொல்லி விட்டால், விலை மாறினாலும் சண்டை வராது.

ஆறாவதும் முக்கியம். எல்லாப் பொருளையும் திருப்பித் தர முடியாது. உள்ளாடை, அழகு சாதனம், உணவுப் பொருள் போன்றவற்றைப் பெரும்பாலும் திருப்பி எடுப்பதில்லை. சில பொருட்களுக்குப் பணம் திரும்ப வராது, மாற்றுப் பொருள் மட்டுமே தருவார்கள். இந்த விவரம் பொருளின் பக்கத்திலேயே இருக்கும். படிக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

விலை பார்க்கும்போது ஒரு சின்னக் கணக்கும் தேவை. மிளகாய்த்தூள் ஓர் இடத்தில் 270 ரூபாய், இன்னோர் இடத்தில் 290 ரூபாய். பார்த்தால் 270 குறைவு போலத் தெரியும். ஆனால் 270 ரூபாய் பாக்கெட்டில் 900 கிராம்தான் இருக்கிறது என்றால், கிலோ 300 ரூபாய் ஆகிறது. 290 ரூபாய்க்கு முழுக் கிலோ கிடைக்கிறது. எது லாபம்? 'தள்ளுபடி 70 சதவீதம்' என்ற எழுத்தைப் பார்க்காமல், நம் சந்தையில் அதே பொருள் என்ன விலை என்று பாருங்கள். பக்கத்து மகளிர் குழு அதே பொருளைத் தயாரிக்கிறதா என்றும் கேளுங்கள். சோப்பு, மசாலாத்தூள், நாப்கின் போன்றவை நம் குழுக்களிலேயே கிடைக்கும்போது அந்தப் பணம் நம் பெண்களிடமே தங்கட்டும்.

முதலில் பணம், பிறகு ஆர்டர்

பணம் கட்டியவர் பொருளை மட்டுமே கூடையில் போட வேண்டும். இதில் உறவு, நட்பு பார்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பணம் கட்டும் வசதியில் ஆர்டர் போட்டாலும், எல்லோரிடமும் பணம் வாங்கி வைத்த பிறகே போட வேண்டும். பார்சல் கொண்டு வரும் தம்பி வாசலில் நிற்கும்போது வீடு வீடாக ஓடிப் பணம் சேர்க்க முடியாது.

செலவையும் தள்ளுபடியையும் எப்படிப் பிரிப்பது? ஓர் உதாரணம் பார்ப்போம். ஐந்து பேர் சேர்ந்து வாங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். குக்கர் 1,200 ரூபாய், சேலை 450, பள்ளிப் பை 600, டார்ச் லைட் 250, பாத்திர செட் 500. மொத்தம் 3,000 ரூபாய். கூப்பன் தள்ளுபடி 300. அனுப்பும் செலவு 60. கட்ட வேண்டியது 2,760 ரூபாய்.

தள்ளுபடியைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 60 ரூபாய். 250 ரூபாய்க்கு டார்ச் வாங்கியவருக்கும் 60, 1,200 ரூபாய்க்குக் குக்கர் வாங்கியவருக்கும் 60. இது நியாயம் ஆகாது. 3,000-க்கு 300 என்றால் நூற்றுக்குப் பத்து. அவரவர் விலையில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அனுப்பும் செலவை மட்டும் ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு 12 ரூபாய் சேர்க்கலாம்.

குக்கர்: 1,200 - 120 + 12 = 1,092 ரூபாய்
சேலை: 450 - 45 + 12 = 417 ரூபாய்
பள்ளிப் பை: 600 - 60 + 12 = 552 ரூபாய்
டார்ச் லைட்: 250 - 25 + 12 = 237 ரூபாய்
பாத்திர செட்: 500 - 50 + 12 = 462 ரூபாய்

கூட்டிப் பாருங்கள், 2,760 சரியாக வரும். இந்தக் கணக்கை நோட்டில் எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினால், "அக்கா நடுவுல காசு அடிச்சுட்டாங்க" என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, குழுச் சேமிப்பை இதற்குத் தொடவே கூடாது. ஒருவருக்குப் பணம் தேவை என்றால் முறைப்படி கூட்டத்தில் கேட்டு, தீர்மானம் எழுதி, உள்கடனாக வாங்கட்டும். இரண்டாவது, 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று செயலி காட்டும் வசதியும் ஒரு கடன்தான். ஐந்து பேருக்காக ஒருவர் பெயரில் அந்தக் கடனை எடுத்து, தவணை தவறினால், அவருடைய சிபில் மதிப்பெண் குறையும். பிறகு அவர் வங்கியில் கடன் கேட்கும்போது அதுவே தடையாக நிற்கும்.

பார்சல் வந்ததும்

ஒரே ஆர்டர் என்றாலும் எல்லாப் பொருளும் ஒரே பெட்டியில் வராது. வேறு வேறு விற்பனையாளர்கள் அனுப்புவதால் வேறு வேறு நாளில் வரலாம். "எல்லாருக்கும் வந்துருச்சு, எனக்கு மட்டும் வரல" என்று பதற வேண்டாம். செயலியில் ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்.

பெட்டியைப் பிரிக்கும்போது உரியவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரிக்கும் முன்பிருந்தே ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். உடைந்ததோ மாறியதோ வந்தால் அந்த வீடியோ நமக்குச் சாட்சி. பில்லையும் பெட்டியையும் திருப்பித் தரும் காலம் முடியும் வரை எறிய வேண்டாம்.

ஒரு பொருளைத் திருப்பி அனுப்பினால் பணம், கட்டியவருடைய கணக்குக்குத்தான் திரும்ப வரும். அதற்குச் சில நாள் ஆகும். நம் உதாரணத்தில் சேலை திரும்பிப் போனால் 450 வராது, தள்ளுபடி போக 405 ரூபாய்தான் வரும். அனுப்பும் செலவு பெரும்பாலும் திரும்ப வராது. இதை முன்பே சொல்லி வைக்க வேண்டும். பணம் வந்த அன்றே உரியவரிடம் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும்.

பட்டியலில் போடக் கூடாதவை

எல்லாப் பொருளையும் பத்துப் பேர் பார்க்கும் பட்டியலில் போட முடியாது. மருந்து, உள்ளாடை, கர்ப்பப் பரிசோதனைக் கருவி போன்றவை ஒரு பெண்ணின் சொந்த விஷயம். இப்படி ஏதாவது ஒருவர் தனியாகச் சொல்லி வாங்கினால், அந்தச் செய்தி அக்காவின் வாயிலிருந்து வெளியே வரக் கூடாது. நம் குழுவுக்கு அந்த நம்பிக்கை மிகவும் பெரிய சொத்து.

ஓடிபி எண்ணில்தான் பலர் குழம்புகிறோம். ஓடிபி இரண்டு வகையாக வரும். சில பொருட்களைக் கொடுக்கும்போது பார்சல் கொண்டு வருபவர் ஓர் எண் கேட்பார். பார்சல் நம் கைக்கு வந்த பிறகு அதைச் சொல்லலாம். வங்கியிலிருந்து பணம் கழிப்பதற்காக வரும் எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. எந்த எண் வந்தாலும் அந்தச் செய்தியை முழுதாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

யுபிஐ பின் எண்ணும் அப்படித்தான். பணம் அனுப்புவதற்குத்தான் பின் தேவை. பணம் பெறுவதற்குப் பின் தேவையே இல்லை. "ரீஃபண்ட் அனுப்புறோம், பின் போடுங்க", "இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று. வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் 'பண்டிகைச் சலுகை' லிங்கைத் தொடாமல், செயலியை நாமே திறந்து பொருளைத் தேடுங்கள்.

குறை இருந்தால் எங்கே சொல்வது?

முதலில் செயலியிலேயே புகார் பதிய வேண்டும். புகார் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் 2020-ன்படி, ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

அங்கே தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அடுத்த படியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அவருக்குத் துணையாக மற்ற நால்வரும் போக வேண்டும்.

பணம் திருட்டுப் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். வீட்டில் திட்டுவார்களோ என்று பயந்து ஒரு நாள் தள்ளிப் போட்டாலும், பணம் கை மாறிப் போய்விடும். சீக்கிரம் சொன்னால்தான் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் இதுவரை கூட்டாக வாங்கியதில் யாருக்காவது பாக்கி இருக்கிறதா?
2. ஆர்டர் போடும் பொறுப்பு எப்போதும் ஒருவரிடமே இருக்கலாமா, மாற்றி மாற்றி எடுத்துக் கொள்ளலாமா?
3. பட்டியல் நோட்டை யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது?
4. செல்போன் இல்லாத உறுப்பினருக்குப் பொருளைக் காட்டிச் சம்மதம் வாங்குவது எப்படி?

பேசி முடிவு செய்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று: "இணையத்தில் கூட்டாக வாங்கும் பொருட்களுக்குப் பணம் கட்டியவர் பொருள் மட்டுமே ஆர்டர் செய்யப்படும். குழுச் சேமிப்பு இதற்குப் பயன்படுத்தப்படாது. கடவுச்சொல், ஓடிபி, பின் எண் ஆகியவற்றை யாரும் யாரிடமும் கேட்பதில்லை, கொடுப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

இந்தப் பாடத்தை எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்த ஐந்து பேர் கணக்கை ஒவ்வொரு உறுப்பினரையும் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.